கேளாமைச் சான்றிதழ்

எனக்கு இடது காது போய் ஆறு வருஷம் ஆச்சு. வலது காதுல மெஷின் வெச்சா கேக்கும். அதுவும் இந்தக் கோடையோட சரி, மழை ஆரம்பிக்கிற வரைக்கும் தாங்கினாலே பெரிசுன்னு காது டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சொல்லும்போது சிரிச்ச முகம். அந்தம்மாவுக்கு முக அமைப்பே அப்படி, குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. காது போறவ கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவா. நான் கத்திச் சொல்ற மாதிரி இருந்தா கோச்சுக்காதீங்க.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார். பகல் முழுக்க நாப்பது பிள்ளைங்க ஆளுக்கொரு சுருதியில கத்துறதைக் கேட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பியானோ முன்னாடி உக்காந்து சொந்தமா எழுதுவார். பன்னெண்டு தந்தி வாத்தியம், ஒரு கிளாரினெட், பத்தொன்பது நிமிஷம். அதை எழுத ரெண்டு வருஷம் ஆச்சு. நான் தையல்காரி, பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறேன். அவர் பியானோவுக்கும் என் தையல் மெஷினுக்கும் நடுவுல ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான். பதிமூணு பேர் வாசிக்க வேண்டியதை அவர் பத்து விரல்ல வாசிப்பார், விரல் பத்தாத இடத்துல வாயால பாடுவார். பதினேழாவது நிமிஷத்துல தினமும் கண்ணைத் துடைச்சுப்பார். நான் பார்க்காத மாதிரி நூலைக் கடிச்சுப்பேன்.

பதிமூணு பேர் ஒண்ணா உக்காந்து அதை வாசிக்கிறதை ஒரே ஒரு தடவை கேட்டுடணும், காது போறதுக்குள்ள. எனக்கு வேற ஆசையே இல்லை. ஏன் பொய் சொல்லணும், வேற ஆசையும் உண்டு. ஆனா அதெல்லாம் காது இல்லாமலும் நடக்கும்.

எங்க ஊர்ல வருஷா வருஷம் கோடை இசை விழா நடக்கும். அதுல புதுசு மட்டும்தான் வாசிப்பாங்க. ஒரு தடவை வாசிச்சதை மறுபடி வாசிக்க மாட்டாங்க. இவர் இருபத்திரண்டு வருஷமா எழுதி அனுப்பி, இருபத்திரண்டு வருஷமும் "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி"ன்னு ஒரே கடிதம். கடைசி ரெண்டு மூணை நான் பிரிக்கக்கூட இல்லை. இந்த வருஷம் வந்த கவர் தடிமனா இருந்தது. இவர் நின்னுக்கிட்டே படிச்சார், உக்காந்து படிச்சார், அப்புறம் என்கிட்ட நீட்டி, "சரியாத்தான் படிக்கிறேனா பாரு"ன்னார். தேர்வு ஆயிடுச்சு. ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி சிரிச்சோம். கவர்ல பதினாலு பக்கப் படிவம் ஒண்ணு இருந்ததை அப்ப நாங்க கவனிக்கலை.

படிவத்து மேல "முதல் அரங்கேற்றத் தூய்மை அலுவலகம்"னு போட்டிருந்தது. விழாவுல அப்படி ஒரு அலுவலகம் வந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. ஒன்பது வருஷம் முன்னாடி உலகத்துலயே முதல் தடவைன்னு சொல்லி ஒண்ணை வாசிச்சிருக்காங்க. இடைவேளையில ஒரு அம்மா டீ குடிச்சுக்கிட்டே, "இது எங்க மாடிவீட்டுல கேட்டதாச்சே, நல்லாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டாங்க. நல்லா இருக்கும்னு சொன்னதை யாரும் காதுல வாங்கலை. ஏற்கனவே கேட்டதுன்னு சொன்னதுல விழா இயக்குநர் மூணு நாள் படுத்த படுக்கை. எழுந்து வந்ததும் திறந்த அலுவலகம்தான் இது.

படிவத்துல ஒரே கேள்வியைப் பதினாலு விதமாக் கேட்டிருந்தாங்க. இந்தப் படைப்பை இதுவரைக்கும் யார் யார் கேட்டிருக்காங்க? முழுசாவா, பாதியாவா, தற்செயலாவா? சுவர் எத்தனை அங்குலம்? ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும்? இவர் நேர்மையான மனுஷன், அதுதான் எங்க வீட்டுக்குப் பிடிச்ச சனி. எல்லாத்துக்கும் உண்மையையே எழுதி அனுப்பிட்டார்.

பத்தாம் நாள் சான்று அதிகாரி வந்தார். ஒல்லியான மனுஷர், செருப்புக்கு அடியில கம்பளித் துணி ஒட்டியிருந்தார், தன்னால எந்தச் சத்தமும் உண்டாகிடக் கூடாதாம். டேப் வெச்சு பிளைவுட்டை அளந்தார். விரலால தட்டிப் பார்த்துட்டு, சத்தம் வந்தது விரல்லேர்ந்தா தடுப்புலேர்ந்தான்னு சந்தேகப்பட்ட மாதிரி இன்னொரு தடவை தட்டினார். அப்புறம் மாடிக்குப் போனார்.

எங்க மாடியில ஒரு கப்பல்காரர் இருக்கார், முப்பது வருஷம் கப்பல்ல சமையல் பண்ணி ஓய்வு வாங்கினவர். "கீழ் வீட்டு இசையை எப்போதாவது கேட்டதுண்டா?"ன்னு அதிகாரி கேட்டிருக்கார். எங்களுக்கு உதவி பண்றதா நினைச்சு மனுஷன், "கேக்காம என்ன, தினம் ஷேவ் பண்ணும்போது நான் அதைத்தான் விசில் அடிப்பேன், கேளுங்க"ன்னு முப்பத்திரண்டு அளவை தப்பில்லாம அடிச்சுக் காட்டிட்டார். அளவைன்னா தாளத்துக்கு ஒரு கட்டம், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல இருக்கிறது. அதிகாரி ஒவ்வொண்ணையும் குறிச்சுக்கிட்டுக் கீழே வந்து, இவர் தாளை வாங்கி, அந்த முப்பத்திரண்டையும் சிவப்பு மையால அடிச்சார்.

"இவை கேட்கப்பட்டவை"ன்னார். "கேட்கப்பட்ட இசையை வழங்கும் பழக்கம் விழாவுக்கு இல்லை."

"சார், அதை எடுத்துட்டா முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் ஒட்டாது"ன்னார் இவர்.

"ஒட்டாமல் இருப்பது நம் காலத்தின் குரல் அல்லவா?"ன்னு கேட்டுட்டு, ஒட்ட வைக்கப் புதுசா எழுதிக்கிறதுக்கு ஒரு வாரம் கொடுத்தார்.

அதோட விட்டாங்களா? பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரிச்சிருக்காங்க. பிள்ளைங்க வரிசையில நிக்கிறதுக்கு இவர் ஒரு மெட்டு வாசிப்பார். அது இதுலேர்ந்து எடுத்ததுதான். அது போச்சு. தபால்காரர் எங்க வாசல்ல கையெழுத்துக்காகக் காத்திருந்த நிமிஷங்களைக் கணக்குப் பார்த்து அதையும் வெட்டினாங்க. எதிர்வீட்டு நாயைக்கூட விசாரிச்சாங்க. நாய் ஒண்ணும் சொல்லாததால அதுக்குச் சந்தேகத்தின் பலன் கிடைச்சுது. மனுஷங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பத்தொன்பது நிமிஷம் பதினாலாச்சு, பதினொண்ணாச்சு, கடைசியில ஏழு நிமிஷத்துல வந்து நின்னுது. ஒவ்வொரு தடவையும் இவர் ராப்பகலா உக்காந்து புதுசா ஒட்டு போட்டார். போட்டுக்கிற கோட்டுல கை கிழிஞ்சா வேற துணி வெச்சுத் தைக்கலாம். கோட்டே பூராவும் ஒட்டுத் துணியா ஆனப்புறம் அது யார் கோட்டு?

கடைசியா என்கிட்ட வந்தாங்க.

"படைப்பாளியின் மனைவி. இரண்டு ஆண்டுகள். ஒன்றேகால் அங்குலத் தடுப்பு"ன்னு அதிகாரி தன் நோட்டைப் பார்த்துப் படிச்சார். "அம்மா, நீங்கள் கேட்டீர்களா?"

நான் ஆமான்னு சொன்னா மிச்ச ஏழு நிமிஷமும் போச்சு. இல்லைன்னா நம்ப மாட்டாங்க. நான் குனிஞ்சு கையில இருந்த பள்ளிக்கூடச் சட்டையை மடிச்சேன். மனுஷர் என் காது மெஷினைப் பார்த்தார். முகம் மலர்ந்துது பாருங்க, பொண்ணு பார்க்க வந்த இடத்துல புதையல் எடுத்த மாதிரி.

"செவித்திறன் இல்லாதவரா? இதை முன்பே சொல்லக் கூடாதா? மருத்துவரிடம் கேளாமைச் சான்றிதழ் வாங்கி வாருங்கள். 'நான் என் கணவரின் படைப்பில் ஒரு சுரத்தையும் கேட்டதில்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். முடிந்தது."

அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் குரலை உசத்தினது அன்னைக்குத்தான்.

"நீ கேக்கவே இல்லைன்னு நீயே எழுதிக் கொடுப்பியா?"

"கொடுத்தா நடக்கும். கொடுக்கலைன்னா நடக்காது."

"அப்ப நான் ரெண்டு வருஷமா யாருக்கு வாசிச்சேன்?"

"எனக்குத்தான். அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். காகிதத்துக்கு எதுக்குத் தெரியணும்?"

அவர் போய் பியானோ மூடியைச் சாத்தினார். அப்படிச் சொல்ல எனக்கும் பிடிக்கலைதான். ஆனா காது போற அவசரம் எனக்குத்தானே தெரியும்.

டாக்டரம்மா முதல்ல மாட்டேன்னாங்க. நான் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, "மூணு மாசத்துல உண்மையாகப் போற பொய்தானே. கொஞ்சம் முன்தேதி போட்ட உண்மைன்னு வெச்சுக்குவோம்"னு எழுதிக் கொடுத்தாங்க. சிரிச்ச முகத்தோடதான். வீட்டுல வந்து அந்த ஒரு வரியை எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகா அதுக்கு முன்னாடி விழுந்ததே இல்லை.

அடுத்த வாரம் ஆள் வந்து இவர் எழுதின எல்லாத்தையும், கிழிச்சுப் போட்ட வரைவு உட்பட, ஒரு பெட்டியில போட்டு சீல் வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. யாரும் பார்த்துக் கேட்டுடக் கூடாதாம். அரங்கத்துக்குள்ள இவருக்கும் அனுமதி இல்லை. எழுதும்போதே மனசுக்குள்ள கேட்டிருப்பார், அதனால இவர் முதல் தடவை கேக்கிற ஆள் இல்லையாம். அதுக்குத் தனியா ஒரு சுற்றறிக்கை வந்தது.

ஆனா எனக்கு அனுமதி! ஊர்லயே ஒத்திகைக்குள்ள போகலாம்னு அனுமதி உள்ள ஒரே வெளியாள் நான்தான், கேக்காதவளாச்சே. வாசிக்கிறவங்க கறுப்புக் கோட்டையெல்லாம் அளவு சரி பண்ண என்னைக் கூப்பிட்டாங்க. மெஷினைக் கழட்டி ஊசிப் பெட்டிக்குள்ள மறைச்சு வெச்சுட்டுப் போனேன். உள்ள போய் மாட்டிக்கலாம்னு திட்டம்.

மாட்டி என்ன கேக்கிறது? பதிமூணு பேரைப் பதிமூணு அறையில உக்கார வெச்சிருந்தாங்க. ஒருத்தர் வாசிக்கிறது இன்னொருத்தருக்குக் கேட்டா, அது ஒரு சின்ன அரங்கேற்றம் ஆயிடுமாம். அது மட்டும் இல்லை, எல்லார் காதுலயும் மெழுகு அடைப்பான். தான் வாசிக்கிறதைத் தானே கேக்கக் கூடாது. தாளம் காட்டி எல்லாரையும் வழிநடத்துற நடத்துனர் தனி அறையில கண்ணாடி முன்னாடி நின்னு குச்சியை வீசிக்கிட்டிருந்தார். கண்ணாடிக்குள்ள இருந்த ஆளும் ஒழுங்காத்தான் வீசினார், ரெண்டு பேருக்கும் நல்ல ஒத்துமை.

செல்லோங்கிற பெரிய வயலின் வாசிக்கிற பொண்ணுக்குக் கோட்டுத் தோள்பட்டை இறுக்கமா இருந்தது. நான் மெஷினை மாட்டிக்கிட்டு அளவெடுக்கும்போது அவ அடைப்பானை எடுத்துட்டு மெதுவா, "அக்கா, என் வாத்தியத்துல ஒரு தந்தி இறங்கியிருக்கா இல்லையான்னே தெரியலை. கேட்டுப் பார்க்கலாமான்னு எழுதிக் கேட்டேன். மூணாம் நாள், 'நம்பிக்கையோடு இருக்கவும்'னு பதில் வந்துது"ன்னா.

"நீ வாசி, நான் கேட்டுச் சொல்றேன்"னேன்.

அவ என் கழுத்துல தொங்கின சான்றிதழ் அட்டையைப் பார்த்துட்டுப் பயந்துபோய் அடைப்பானைத் திரும்ப மாட்டிக்கிட்டா.

அரங்கேற்றம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. இவர் என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நல்ல சட்டை போட்டிருந்தார், நிக்கப் போறது சைக்கிள் ஸ்டாண்டுலதான்னாலும். "பதினேழாவது நிமிஷம்"னு என்னமோ சொல்ல ஆரம்பிச்சு, இப்ப மொத்தமே ஏழுதான்னு ஞாபகம் வந்து நிறுத்திக்கிட்டார். எனக்கு அழுகை வந்துது. "கேட்டுட்டு வந்து ஒண்ணு விடாம சொல்றேன்"னேன்.

நுழைவாயில்ல அட்டையைப் பார்த்தாங்க, அப்புறம் என் காதைப் பார்த்தாங்க, அன்னைக்கிருந்த பரபரப்புல மெஷினை மறைக்க மறந்திருந்தேன்.

"கேட்காதுன்னு போட்டிருக்கு. அப்ப காதுல என்ன?"

"மெஷின்."

"கேட்கிறதுக்கா?"

என்ன சொல்ல? கேட்கிறதுக்குன்னா சான்றிதழ் பொய், அரங்கேற்றம் ரத்து. மெஷினைக் கழட்டி ஒரு தட்டுல வெச்சாங்க, டோக்கன் கொடுத்தாங்க. ரெண்டு வருஷம் காத்திருந்து, வாசல் வரைக்கும் வந்து, காதைக் கொடுத்துட்டு உள்ள போனேன். பெத்த பிள்ளையை வெளியில விட்டுட்டுப் போற மாதிரி இருந்துது.

என்னை முதல் வரிசையில உக்கார வெச்சாங்க. மெஷின் இல்லாம எனக்குக் கிட்டத்துச் சத்தம் கொஞ்சம் வரும், கம்பளிக்கு அடியில யாரோ பேசற மாதிரி. இயக்குநர் பேச்சு மட்டும் நல்லாவே கேட்டுது, அவர் முன்னாடி நாலு மைக் இருந்தது.

"நாற்பத்தோரு ஆண்டுகள்! அறுநூற்றுப் பன்னிரண்டு முதல் அரங்கேற்றங்கள்!"ன்னார். "அவற்றில் ஒன்றைக்கூட இரண்டாம் முறை கேட்கும் அவலத்துக்கு இந்த ஊரை நாங்கள் ஆளாக்கியதில்லை!" கைதட்டல். "ஒரு படைப்பு நன்றாக இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். அதை அறிய மறுபடி கேட்க வேண்டியிருக்கும். அந்தச் சறுக்கலுக்கு நாங்கள் இடம் கொடுப்பதில்லை!" பலமான கைதட்டல். "இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரைப் பாருங்கள். இரண்டாண்டுகள் இந்த இசையோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், ஒரு சுரத்தைக்கூடக் கேட்டதில்லை. இவரே நம் விழாவின் இலட்சிய ரசிகர்!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்து எழுந்து நின்னு தட்டினாங்க. நானும் எழுந்து கும்பிட்டேன். வேற என்ன பண்றது?

ஒண்ணரை மணி நேரம் பேச்சு. அப்புறம் பதிமூணு பேரும் வந்து உக்காந்தாங்க, முதல் தடவையா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. முதல் சுரம் வந்துது. உடனே தலைமை விருந்தாளி எழுந்து இயக்குநர் கையைக் குலுக்கிட்டுக் கிளம்பிட்டார். முதல்னு சொன்னது நடந்து முடிஞ்சாச்சே, இனி வர்றதெல்லாம் ரெண்டாவதுதானே. அவர் பின்னாடியே ரெண்டு வரிசை காலி.

நான் தந்தி மேல போற வில்லையே பார்த்துக்கிட்டிருந்தேன். பன்னெண்டு வில்லும் பன்னெண்டு பக்கம் போச்சு. கிளாரினெட்காரர் நாலு தடவை மூச்சை இழுத்து நாலு தடவையும் திரும்ப விட்டார். செல்லோ பொண்ணு தன் வாத்தியத்தை முதல் தடவையாக் கேட்டு முகம் வெளுத்துப் போனா. கம்பளிக்கு அடியிலேர்ந்து வந்த அந்தக் கொஞ்சச் சத்தத்துல நான் இவரைத் தேடினேன். ஒரு இடத்துல வந்த மாதிரி இருந்துது, உடனே ஒட்டுத்துணி வந்து மூடிடுச்சு. அந்த ஹால்ல இருந்த முந்நூறு பேர்ல, இது தப்புன்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான். என்னாலயும் வாயைத் திறக்க முடியாது, நான்தான் கேட்டதே இல்லைன்னு கையெழுத்துப் போட்டவளாச்சே.

முடிஞ்சதும் கைதட்டல் அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. சான்று அதிகாரி மேடையேறி தாள்களை எல்லாம் வாங்கிப் பெட்டியில போட்டு, அறுநூத்திப் பதிமூணுன்னு எழுதி நிலவறைக்குக் கொண்டுபோனார். விதிப்படி இனிமே அதை யாரும் வாசிக்கக் கூடாது, எழுதினவர் உட்பட.

டோக்கனைக் கொடுத்து மெஷினை வாங்கி மாட்டிக்கிட்டு வெளியில வந்தேன். இவர் ரெண்டு சைக்கிளுக்கு நடுவுல நின்னுக்கிட்டிருந்தார். கைதட்டல் அங்கே வரைக்கும் கேட்டிருக்கு, முகத்துல ஒரு பூரிப்பு.

"எப்படி இருந்துது?"

நல்லா இருந்துதுன்னு சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா ஒரு மாசத்துல ரெண்டாவது பொய்யா? அதுவும் இவர்கிட்டயா?

"அது உங்களோடது இல்லைங்க"ன்னேன்.

கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் தடவிக்கிட்டிருந்தார். அப்புறம், "எனக்கே இப்ப எது என்னோடதுன்னு தெரியலை. எது முதல்ல எழுதினது, எது அப்புறம் ஒட்டினதுன்னு எல்லாம் கலந்துபோச்சு. வரைவெல்லாம் அவங்ககிட்ட. என்னோடது எங்கேயும் இல்லை"ன்னார்.

எனக்கு வந்துதே கோவம். "ஏன் இல்லை? நான் என்ன செத்தா போயிட்டேன்? முழுசும் என்கிட்ட இருக்கு, வாங்க வீட்டுக்கு"ன்னு அவர் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலமே ஆரம்பிச்சோம். நான் பாடுவேன், அவர் எழுதுவார். ஒட்டுப் போட்டதை அவர் வாசிச்சா, "இது அந்த ஆளுக்காக எழுதினது, தள்ளுங்க"ன்னு சொல்லிடுவேன். எனக்கு நல்ல குரல் கிடையாது. கப்பல்காரர் மாடியிலேர்ந்து வந்து தான் விசிலடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு, அந்த முப்பத்திரண்டை மட்டும் அவரே அடிச்சுக் கொடுத்துட்டுப் போனார். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல நகரலை. என் காதும் அதே வேகத்துல போய்க்கிட்டிருந்துது. முதல்ல கிளாரினெட் எட்டுற உசந்த சுரமெல்லாம் போச்சு, அப்புறம் தெருச் சத்தம், அப்புறம் நான் பாடுறதே எனக்குத் தூரமாப் போச்சு. அவர் எழுதுற வேகத்தைக் கூட்டினார்.

நடுவுல விழாவிலேர்ந்து ஒரு கடிதம் வந்தது. அரங்கேற்றம் மகத்தான வெற்றி, அடுத்த கோடைக்கு இதுவரை கேட்கப்படாத இன்னொரு படைப்பு வேணுமாம். அதை மடிச்சு ஆடுற மேஜைக் காலுக்கு அடியில வெச்சேன்.

கடைசிப் பக்கத்தை அவர் எழுதி முடிச்ச அன்னைக்கு வெளியில மழை. ஜன்னல்ல தண்ணி வழியறதைப் பார்த்துத்தான் மழைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அவர் முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு, பத்தொன்பது நிமிஷமும் எனக்காக வாசிச்சார். மெஷினை முழுசாத் திருகி வெச்சு, அவர் விரலையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் வரலை. ஒரு சுரம்கூட வரலை. சான்றிதழ் உண்மையாயிடுச்சு.

முடிச்சுட்டுத் திரும்பினார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சரியா இருந்துதா?"ன்னு கேட்டார், உதட்டை வெச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்.

"பதினேழாவது நிமிஷத்துல ரெண்டு விரல் முந்திப் போகுது. அங்க நீங்க இவ்வளவு அவசரப்பட மாட்டீங்க. மறுபடி வாசிங்க"ன்னேன்.

மறுபடி வாசிச்சார்.